நிலாவுலயும் செவ்வாய்லயும் பூமிக்கு எதிரா கொடி தூக்குற கதைங்க: என் அனுபவம்

எல்லாரும் எந்தக் கதையில முதல்ல விழுந்தீங்கன்னு எழுதுறீங்க, என் பங்குக்கு நானும் சொல்றேன். எனக்கு இந்த காலனிக் கலகக் கதைங்க, அதாவது நிலாவுலயோ செவ்வாய்லயோ குடியேறுனவங்க பூமியை எதிர்த்துக் கிளம்புற அறிவியல் புனைகதைங்க மேல பைத்தியம் புடிச்சதுக்கு லேசர் சண்டையோ ராக்கெட்டோ காரணம் இல்லங்க, ஒரு சம்பளக் கணக்கு. ராபர்ட் ஹைன்லைன் எழுதுன 'தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்', 1966ல புக்கா வந்தது, அதுல நிலா நிர்வாகத்தையே பாத்துக்குற கம்ப்யூட்டர் ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு 10,000,000,000,000,185.15 டாலர்னு சம்பளம் போட்டுடும். கடைசியில இருக்குற 185.15 தான் அவருக்கு நிஜமா சேர வேண்டியது, மிச்சம் அத்தனையும் அந்த மெஷின் அடிச்ச ஜோக். என்ன கோளாறுன்னு பாக்க வர்ற டெக்னீஷியன் அதுகிட்ட உக்காந்து பேச ஆரம்பிக்கிறான், ரெண்டு பேரும் சினேகிதம் ஆயிடுறாங்க, அப்புறம் புரட்சியோட மூளையே அந்த கம்ப்யூட்டர் தான்.

ஆனா என்னை உலுக்குனது அதுக்கப்புறம் வர்ற தண்ணிக் கணக்கு. நிலாவுல பாறைக்குள்ள இருக்குற ஐஸை உருக்கி கோதுமை விளைவிச்சு பூமிக்கு அனுப்புறாங்க, ஒவ்வொரு லோடு கூடவும் தண்ணி போயிடுது, திரும்பி ஒரு சொட்டு வர்றதில்ல. இப்படியே போனா சில வருஷத்துல இங்க இருக்குறவனுக்கே சோறு இருக்காதுன்னு கம்ப்யூட்டர் சொல்லிடும். ஆதிக்கம் சுதந்திரம்னு பெருசா வசனமெல்லாம் தேவையே இல்ல, இந்த ஒரு கணக்கு போதும் ஒருத்தன் கலகக்காரனா மாறுறதுக்கு. அதே சமயம் அந்தக் கோதுமையை நம்பி பூமியில பட்டினி கிடக்குற ஜனமும் இருக்கு, அந்தப் பக்கத்து நியாயத்தை நாவல் அவசரமா தாண்டிப் போயிடுது, அது எனக்கு இன்னும் உறுத்துது.

அடுத்தது கல்லெறி. கோதுமை அனுப்புற அதே கேடபுல்ட்ல, அதாவது சரக்கை பூமிக்கு வீசி எறியுற ராட்சச மெஷின்ல, பாறையை வச்சு பூமி மேல வீசுவாங்க. சும்மா கதைன்னு நினைச்சிடாதீங்க, நிலாவை விட்டு தப்பிக்க செகண்டுக்கு 2.4 கிலோமீட்டர் வேகம் இருந்தா போதும், பூமிக்கு 11.2 வேணும், அதனால மேல இருந்து கீழ தள்ளுறவனுக்கு எல்லாமே சல்லிசு. செகண்டுக்கு 11 கிலோமீட்டர் வேகத்துல வர்ற ஒரு கிலோ கல்லுக்கு, ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்து வெடிச்சா வர்ற சக்தியைப் போல சுமார் 14 மடங்கு இருக்கும். காத்துமண்டலம் கொஞ்சம் தின்னாலும் மிச்சம் போதும்.

சண்டையே வேணாம்னு நினைக்கிறவங்க ஐசக் அசிமோவோட 'தி மார்ஷியன் வே' படிங்க, 1952ல வந்த குறுநாவல். பூமியில ஒரு அரசியல்வாதி "நம்ம தண்ணியை செவ்வாய்க்காரன் வீணாக்குறான்"னு கிளப்பிவிட்டு சப்ளையை நிறுத்தப் பாக்குறான், செவ்வாய்க்காரங்க என்ன பண்றாங்கன்னா நேரா சனியோட வளையத்துக்குப் போயி பெரிய ஐஸ் மலை ஒண்ணையே ஓட்டிட்டு வந்துடுறாங்க. வந்து இறக்குனதும் பூமிக்கு வேணும்னா தண்ணி நாங்க விக்கிறோம்னு சொல்ற இடம் இருக்கு பாருங்க, ஒரு குண்டு கூட வெடிக்காம இவ்வளவு அழகா ஒரு கலகத்தை நான் வேற எதுலயும் படிச்சதில்ல.

'தி எக்ஸ்பான்ஸ்' நாவல் வரிசையில சிறுகோள் பட்டைக்காரங்க, அதாவது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துற சிறுகோள்கள்ல பொறந்து வளர்ந்தவங்க, தலையாட்ட மாட்டாங்க, தோளைக் குலுக்க மாட்டாங்க, எல்லாத்துக்கும் கையைத் தான் அசைப்பாங்க, ஏன்னா ஸ்பேஸ்சூட்டுக்குள்ள தலையாட்டுனா யாருக்குத் தெரியும். கம்மி ஈர்ப்புல வளர்ந்து எலும்பு நீண்டு போச்சு, பூமியில நின்னாலே வலி. இவங்களுக்கு ஊரு திரும்புறதுன்னு ஒண்ணே கிடையாது, அதனால தான் இவங்க கோவம் எனக்கு ரொம்ப நம்பும்படியா இருக்கு.

எதிர்ப்பக்கமும் சொல்லணும், 1979ல வந்த 'மொபைல் சூட் கண்டம்' (Gundam) அப்படிங்கற ஜப்பான் அனிமேல சுதந்திரம் கேக்குற ஜியான் கூட்டம் தான் விண்வெளியில மிதக்குற ஒரு முழு காலனியையே பூமி மேல தள்ளிவிட்டு கோடிக்கணக்கான பேரைக் கொல்லும். தண்ணிக்காக எழுந்த கலகம் எந்த இடத்துல இப்படி ஆகுதுங்கறதை அதுக்கு முன்னாடி வந்த பழைய பல்ப் (pulp) கதைங்க, அதாவது மலிவுப் பத்திரிகைக் கதைங்க, பெரும்பாலும் தொடவே இல்ல. கொடி ஏத்துனதோட முடிச்சிடுவாங்க. காத்துக்கு இனிமே யாரு காசு வாங்குவா, குழாயோட சாவி யாரு கையில இருக்கும், பாதி பேர் புது அரசாங்கத்தை ஒத்துக்கலைன்னா அவங்க வாழுற மூடுன டோமுக்கு ஆக்சிஜன் போகுமா போகாதா, எனக்கு படிக்க வேண்டியது அந்தக் கதை தான். சுதந்திரம் வந்த மறுநாள்ல ஆரம்பிக்கிற மாதிரி யாராவது எதாவது படிச்சிருந்தா பேரைச் சொல்லுங்க, சிறுகதையா இருந்தாலும் பரவால்ல.