கைபேசியை வீட்டுக் கணினியோடு இணைத்தவர்களின் அனுபவங்கள்

கும்பகோணம் உறுப்பினர்:

கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, கணினியில் ஒன்றும் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் கைபேசி நிரம்பிவிட்டது என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் புகாரோடுதான் வருகிறார்கள். நான் முதலில் பார்ப்பது கேபிளை. சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. பேருந்து நிலையத்தில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும். அதை வைத்துக்கொண்டு கணினியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கைபேசியோடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுத்து வரச் சொல்லுங்கள்.

கேபிள் சரியாக இருந்தாலும் இன்னொரு படி உண்டு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கணினியில் செருகியவுடன் கைபேசி சார்ஜ் மட்டுமே ஏற்றிக்கொள்ளும். பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, கோப்புப் பரிமாற்றம் என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். இது நல்ல ஏற்பாடு. ஊர் பெயர் தெரியாத இடத்தில் யாருடைய கணினியிலோ சார்ஜ் போட்டால் நம் படங்கள் அங்கே போய்விடக் கூடாது அல்லவா?

ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்பது அடுத்த கேள்வி. பழைய கைபேசிகள் பென்டிரைவ் மாதிரி கணினியில் திறக்கும். ஆனால் அப்படித் திறந்திருக்கும் நேரத்தில் அந்த நினைவகத்தைக் கைபேசியால் தொட முடியாது. 2011இல் ஆண்ட்ராய்டு 3 வந்தபோது எம்டிபி என்ற முறைக்கு மாறினார்கள். இப்போது நினைவகத்தின் பொறுப்பு முழுவதும் கைபேசியிடம் இருக்கிறது. கணினி ஒவ்வொரு கோப்பாகக் கேட்டு வாங்குகிறது. ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறந்தால் பச்சைக் கோடு நகராமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்க வேண்டாம். மாத வாரியாகப் பிரித்து நகலெடுங்கள். வெட்டி ஒட்டும் வேலை கூடவே கூடாது. நகலெடுத்து, இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நாலைந்து வீடியோக்களையாவது ஓடவிட்டுப் பார்த்த பிறகே கைபேசியில் அழிக்க வேண்டும்.

இப்போது ஒரு கல்யாணக் கதை. எதிர்வீட்டு அக்காவின் மகளுக்கு விடியற்காலை முகூர்த்தம். அக்காவின் கைபேசியில் இருந்த படங்களையும் வீடியோக்களையும் கணினியில் ஏற்றி, தேதி வாரியாகப் பிரிக்கும் நிரல் ஒன்றில் கொடுத்தேன். படங்கள் எல்லாம் கல்யாண நாள் கோப்புறையில் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தன. தாலி கட்டும் வீடியோவை மட்டும் காணவில்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தேடிப் பார்த்தால் முந்தைய நாள் கோப்புறையில், ஜானவாச ஊர்வலப் படங்களுக்குப் பின்னால் இருக்கிறது. எடுத்த நேரம் இரவு 11.40 என்று காட்டுகிறது.

நடந்தது இதுதான். கைபேசி ஒரு படத்தை எடுக்கும்போது நம் ஊர்க் கடிகாரத்தின் நேரத்தை அதற்குள் எழுதுகிறது. எம்பி4 வீடியோவுக்குள் எழுதுவதோ உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதைவிட 5.30 மணி முன்னால் இருக்கிறது. காலை 5.10க்கு எடுத்த வீடியோ, இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத நிரலுக்கு முந்தைய நாள் இரவு 11.40க்கு எடுத்ததாகத்தான் தெரியும். பகலில் எடுத்தவற்றில் மணி மாறினாலும் தேதி மாறாததால் நாம் கவனிப்பதில்லை. நம் முகூர்த்தங்களோ பெரும்பாலும் விடியலில் வருபவை. பல கைபேசிகள் கோப்பின் பெயரிலேயே உள்ளூர்த் தேதியையும் நேரத்தையும் எழுதிவிடுகின்றன. பெயரைப் பார்த்தே சரியான கோப்புறைக்கு மாற்றிவிடலாம். நிறைய இருந்தால் எக்சிஃப்டூல் என்ற இலவச நிரல் மொத்தமாகத் திருத்திக் கொடுக்கும். அக்காவிடம் காரணத்தைச் சொன்னபோது, "அப்படியென்றால் பிள்ளை பிறந்த வீடியோவும் முந்தைய நாளில்தான் கிடக்கும், அதையும் பார்" என்றார். அதுவும் அங்கேதான் இருந்தது.

உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை இதோடு கலக்க வேண்டாம். அவை சுருக்கப்பட்டு வருபவை. எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களும் நீக்கப்பட்டிருக்கும். முக்கியமான படம் என்றால் டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

கோயம்புத்தூர் உறுப்பினர்:

எல்லோரும் படங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்குத் தொலைபேசி எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா தன் கைபேசியில் பெயர்களை எல்லாம் தமிழிலேயே பதிந்து வைத்திருக்கிறார். "மளிகை பெரியகடை வீதி", "மாமா ஈரோடு பழைய நம்பர்", "தறி ரிப்பேர்" என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரலாறு இருக்கும். புதுக் கைபேசி வாங்கும் முன் அந்தப் பட்டியலைக் கணினியில் எடுத்து வைக்க நினைத்தேன். தொடர்புகள் செயலியிலிருந்து விசிஎஃப் என்ற தொடர்புப் பட்டியல் கோப்பாக ஏற்றுமதி செய்து, கணினியில் சாதாரண நோட்பேடில் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. சமக்குறி, இ, பூஜ்யம். சமக்குறி, ஏ, இ என்று வரிக்கு வரி அதே அச்சடிப்பு. எட்டிப் பார்த்த அப்பா, எண்கள் எல்லாம் போய்விட்டன என்றே முடிவு செய்துவிட்டார்.

ஒன்றும் போகவில்லை. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பல இந்த விசிஎஃப் கோப்பை இன்னும் 1996ஆம் ஆண்டின் விகார்டு 2.1 என்ற வடிவத்தில்தான் எழுதுகின்றன. அந்தக் காலத்து அமைப்புகள் ஆங்கில எழுத்துகளை மட்டுமே நம்பிக்கையாகக் கடத்தின. அதனால் மற்ற மொழி எழுத்துகள் இப்படி எண்களாக மாற்றி எழுதப்படுகின்றன. யூனிகோடின் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதனால்தான் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கோப்பில் கை வைக்காமல் வேறொரு கைபேசியிலோ மின்னஞ்சல் கணக்கின் தொடர்புகள் பக்கத்திலோ இறக்குமதி செய்தால் அத்தனை பெயரும் தமிழிலேயே திரும்பி வந்துவிடும். நோட்பேடில் திறந்து "சுத்தம்" செய்ய முயன்றால்தான் ஆபத்து.

காகிதத்தில் அச்செடுக்க ஒரு பட்டியல் வேண்டும் என்றால் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக எடுங்கள். ஆனால் அதை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறக்க வேண்டாம். பிரெஞ்சு எழுத்துகள் போல ஏதேதோ தெரியும். வெற்றுத் தாளைத் திறந்து, தரவு மெனு வழியாக உரைக் கோப்பை இறக்குமதி செய்து, எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கைபேசித் தொடர்புகள் ஒரு மின்னஞ்சல் கணக்கோடு ஒத்திசைந்தால், கணினியில் அழித்த பெயர் கைபேசியிலும் அழிந்துவிடும். இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும்போது நிதானம் வேண்டும். எங்கள் அப்பாவின் பட்டியலில் ஒரே பெயரில் மூன்று ஆறுமுகம். மூவரும் வேறு வேறு மனிதர்கள். இயந்திரம் பரிந்துரைக்கிறது என்று ஒப்புக்கொண்டிருந்தால் இரண்டு பேரின் எண்கள் மூன்றாமவர் பெயரில் போய்ச் சேர்ந்திருக்கும். கூகுள் தொடர்புகளைப் பயன்படுத்துகிறவர்கள் கடைசி 30 நாட்களுக்குள் எந்த நிலைக்கும் பின்னோக்கிப் போக முடியும். மாற்றங்களைச் செயல்தவிர் என்ற வசதி அமைப்புகளில் இருக்கிறது. காலமாகிவிட்ட நண்பர்களின் எண்களை அப்பா அழிக்க விடமாட்டார். நானும் கேட்பதில்லை.

மதுரை உறுப்பினர்:

ஐபோனும் விண்டோஸ் கணினியும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. செருகியதும் இந்தக் கணினியை நம்பலாமா என்று கைபேசி கேட்கும். ஒப்புதல் கொடுக்காமல் படக் கோப்புறை காலியாகவே தெரியும். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படங்கள் எச்இஐசி என்ற, குறைந்த இடம் பிடிக்கும் வடிவில் சேமிக்கப்படுகின்றன. கணினிக்கு மாற்றும்போது கைபேசி அவற்றை ஜேபெக் ஆக மாற்றிக்கொண்டே அனுப்பும். நிறையப் படங்கள் இருந்தால் இந்த மாற்றும் வேலையிலேயே தடுமாறி, சாதனம் இயங்கவில்லை என்ற செய்தியோடு நகலெடுப்பு பாதியில் நின்றுவிடலாம். என் தங்கைக்கு நான் செய்து கொடுத்தது: அமைப்புகளில் போட்டோஸ் பகுதிக்குப் போய், கடைசியில் மேக் அல்லது பிசிக்கு மாற்றுதல் என்ற இடத்தில் அசல்களை அப்படியே வைத்திரு என்று மாற்றினேன். அதன் பிறகு தடங்கல் இல்லாமல் ஏறியது.

திருநெல்வேலி உறுப்பினர்:

கும்பகோணத்துக்காரர் சொன்ன கேபிள் வழி நல்ல வழிதான். ஆனால் யாராவது உட்கார்ந்து செய்தால்தான் நடக்கும். நாமே செய்ய மறந்தாலும் நடக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் ஒத்திசைவுக்குப் போகிறார்கள். அங்கேதான் பெரிய இழப்புகளைப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி விரிவாகவே எழுத நினைக்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், தன் கைபேசிப் படங்கள் தானாகவே கணினிக்கும் வந்து சேரும்படி ஒரு சேவையை அமைத்திருந்தார். இரண்டு இடத்தில் இருக்கிறது, இனிக் கவலை இல்லை என்று நிம்மதியாக இருந்தார். அவர் மகன் விளையாட்டு ஒன்றைப் பதிவிறக்க இடம் போதவில்லை என்று கைபேசியில் பழைய படங்களை அழித்தான். சிறிது நேரத்தில் கணினியிலும் அவை இல்லை. சேவை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதே அதற்கு இட்ட கட்டளை. அழிப்பும் ஒரு மாற்றம்தான், அதுவும் மறுபக்கம் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. குப்பைத் தொட்டியிலிருந்து பெரும்பகுதியை மீட்டுவிட்டோம். காலக்கெடு தாண்டியிருந்தால் அதுவும் இல்லை.

எனவே எந்த நிரலை நிறுவுவதற்கும் முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: கோப்புகள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும், அழித்தால் என்ன ஆக வேண்டும்? கைபேசிப் படங்களுக்கு என் பதில், கைபேசியிலிருந்து கணினிக்கு மட்டும். அங்கே அழிந்தாலும் இங்கே ஒரு பிரதி இருக்க வேண்டும்.

நான் இதற்குச் சின்க்திங் என்ற திறமூல நிரலைப் பயன்படுத்துகிறேன். 2013இல் தொடங்கிய திட்டம். இடையில் எந்த நிறுவனத்தின் சேமிப்புக் கிடங்கும் இல்லை. கைபேசியும் கணினியும் வீட்டு வைஃபையில் நேராகப் பேசிக்கொள்கின்றன. இணையம் துண்டிக்கப்பட்டிருந்தாலும் ரவுட்டருக்கு இன்வெர்ட்டரில் மின்சாரம் இருந்தால் போதும். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு நீண்ட அடையாளக் குறியீடு உண்டு; கணினித் திரையில் வரும் கியூஆர் குறியீட்டைக் கைபேசியால் படம் பிடித்து, இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால் இணைப்பு முடிந்தது. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. தன்னார்வலர்கள் பராமரிக்கும் சின்க்திங் ஃபோர்க் அந்த இடத்தில் இருக்கிறது.

அமைக்கும்போது கைபேசிப் பக்கம் கேமரா கோப்புறையை அனுப்ப மட்டும் என்று வையுங்கள். கணினிப் பக்கம் பெற மட்டும். இதோடு நிறுத்தினால் போதாது. பெற மட்டும் என்று வைத்தாலும் கைபேசியில் அழித்தது கணினியிலும் அழியும். கணினியில் அதே கோப்புறையின் அமைப்பில் கோப்புப் பதிப்புகள் என்ற பகுதியைத் திறந்து, குப்பைத் தொட்டி வகையையாவது தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதில் பூஜ்யம் போட்டால் தானாக எதையும் நீக்காது. அதன் பிறகு கைபேசியில் அழித்த படங்கள் கணினியில் மறைந்திருக்கும் தனிக் கோப்புறை ஒன்றில் பத்திரமாக இருக்கும். இந்த ஒரு தேர்வைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பிறகு நிரலைத் திட்டுகிறார்கள்.

இணைப்பு வரவே இல்லை என்றால் நிரலைச் சந்தேகிக்கும் முன் வீட்டைப் பாருங்கள். கைபேசி விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா? அந்த வலையில் ஒரு சாதனம் மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர்கள் பல தடுத்துவிடும். விண்டோஸ் உங்கள் வீட்டு வலையைப் பொது வலை என்று குறித்து வைத்திருக்கிறதா? தனிப்பட்டது என்று மாற்றுங்கள். இரண்டு நாள் வேலை செய்து பிறகு நின்றுவிட்டது என்றால், பேட்டரியைச் சேமிக்கக் கைபேசி அந்தச் செயலியைப் பின்னணியில் நிறுத்தியிருக்கும். பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு விலக்கு கொடுக்க வேண்டும்.

கிளவுட் சேமிப்பை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. கூகுள் போட்டோஸில் வரம்பில்லாத இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 அன்று முடிந்தது; அதன் பிறகு ஏற்றும் படங்கள் மின்னஞ்சலோடு பகிர்ந்துகொள்ளும் 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். குழந்தையின் படங்களும் வீட்டுப் பத்திரங்களும் அதற்குள் எத்தனை ஆண்டு அடங்கும்? பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டலாம். கட்ட முடியாதவர்களுக்கு, மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினியே போதும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். அந்தக் கணினியின் வட்டும் ஒருநாள் பழுதாகும். அதனால் மாதம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, மின் இணைப்பிலிருந்து கழற்றி பீரோவில் வையுங்கள். இடியிலிருந்தும் அது தப்பிக்கும்.

எல்லாம் அமைத்து முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். சுவரையோ செருப்பையோ ஒரு படம் எடுங்கள். கணினிக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு கைபேசியில் அதை அழித்துவிட்டு, கணினியில் அந்த மறைந்த கோப்புறைக்குப் போய் மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்க முடிந்தால் மட்டும் கைபேசியில் மற்ற படங்களை அழிக்கத் தொடங்கலாம்.