கிடங்கு வாசலில் ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர்: பெட்டிக்குள் இருப்பது விடுபடுகிறது, சுவரோரம் இருப்பது பதிவாகிறது

நொய்யல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் டி-ஷர்ட் வாங்கும் ஐரோப்பிய பையர், ஒவ்வொரு பீஸின் விலைச்சீட்டிலும் யு.எச்.எஃப். டேக் (ரேடியோ அலை பட்டதும் தன் எண்ணைச் சொல்லும் சிறு சில்லு) இருக்க வேண்டும் என்றும், லாரியில் ஏறும் ஒவ்வொரு அட்டைப்பெட்டியும் அந்த டேக்குகள் மூலம் எண்ணப்பட்டு பேக்கிங் லிஸ்ட்டோடு சரிபார்க்கப்பட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். அதற்காக லோடிங் வாசலின் இருபுறமும் இரண்டிரண்டு ஆன்டெனாக்களை மாட்டி, அலுவலக அறையில் வைத்துள்ள, டேக்குகளைப் படிக்கும் ரீடரோடு இணைத்திருக்கிறோம். இடையில் 12 மீட்டர் தூரம், விற்றவர்களே ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கறுப்புக் கேபிளை இழுத்துக் கொடுத்தார்கள். இப்போது அவர்களைத் தொலைபேசியில் அழைத்தால், பவரை ஏற்றிப் பாருங்கள் என்பதைத் தவிர வேறு பதில் வருவதில்லை. ஏற்கெனவே 30 டி.பி.எம்.மில்தான் (அதாவது 1 வாட்) வைத்திருக்கிறேன்.

60 பீஸ் உள்ள பெட்டி டிராலியில் வாசலைக் கடந்தால் ஒருமுறை 54 என்றும் மறுமுறை 57 என்றும் காட்டுகிறது. அதே நேரத்தில், வாசலிலிருந்து 3 மீட்டர் தள்ளிச் சுவரோரம் அடுக்கியிருக்கும், மறுநாள் போக வேண்டிய பெட்டிகளிலிருந்து சில டேக்குகள் அந்த லோடுக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. கடந்த வாரம் ஒரு லோடு முழுவதையும் இறக்கிக் கையால் எண்ணினோம்; பீஸ் கணக்கு சரியாக இருந்தது, ரீடர் சொன்னதுதான் தவறு. இரவு பதினொரு மணி வரை எட்டுப் பேர் நின்று எண்ணிய அந்த வேலையை இன்னொரு முறை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கம்பித்தடம் (பதில்):

நொய்யல் அவர்களுக்கு வணக்கம். பவரைத் தொடுவதற்கு முன் ரீடரின் நாட்டு அமைப்பைத் திறந்து பாருங்கள். இந்தியாவில் இந்தக் கருவிகளுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட அலைவரிசை, 2005ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை. 2021இல் அது 868 வரை நீட்டிக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு உரியது 902 முதல் 928 வரை. வெளிநாட்டிலிருந்து வரும் ரீடர் சில நேரங்களில் அமெரிக்க அமைப்பிலேயே வந்துவிடுகிறது. டேக் 860 முதல் 960 வரை எதற்கும் பதில் சொல்லக்கூடியது என்பதால் ரீடர் வேலை செய்வது போலவே தெரியும். ஆனால் 890 முதல் 915 வரை கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் பகுதி இருப்பதால், உங்கள் வாசல் அக்கம்பக்கத்துக் கைபேசித் தொடர்பைக் கெடுத்துக்கொண்டிருக்கும். அது சட்டப்படியும் குற்றம்.

அடுத்தது கேபிள். ஆர்.ஜி.58 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறத்தாழ அரை டெசிபெல் தின்றுவிடும் (3 டெசிபெல் போனால் பவர் பாதியாகும்). 12 மீட்டருக்கு 6 டெசிபெல் போனால், ரீடர் அனுப்பும் 1 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது கால் வாட்தான். டேக்கிலிருந்து திரும்பி வரும் மெல்லிய பதிலும் அதே கேபிள் வழியாகத்தான் வர வேண்டும் என்பதால் அதுவும் காலாகக் குறைந்தே ரீடரை அடைகிறது. தடித்த எல்.எம்.ஆர்.400 கேபிளில் இதே தூரத்துக்கு ஒன்றரை டெசிபெல் அளவே போகும். ஆனால் என் யோசனை வேறு: ரீடரையே வாசலுக்கு அருகில், மழைச் சாரல் படாத ஒரு பெட்டிக்குள் கொண்டுபோய் மாட்டுங்கள். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை சிரமமில்லாமல் போகும். ஆன்டெனா கேபிளுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மாற்றும்போது ரீடரை அணைத்துவிட்டே இணைப்பைக் கழற்றுங்கள். ரீடரில் ஆன்டெனா மாட்டாத இணைப்பு முனை வழியாகப் பவர் போனால் அது திரும்பி ரீடரையே தாக்கும். அதனால் பயன்படுத்தாத முனையை மென்பொருளில் மூடிவிடுவதோடு, பவரை உள்வாங்கிக்கொள்ளும் 50 ஓம் மூடியும் போட்டுவிடுவது நல்லது. கேபிள் சரியானதும் சுவரோரப் பெட்டிகள் இப்போதைவிட அதிகமாகப் பதிவாகும். கலங்க வேண்டாம், பவரைக் குறைக்க அப்போதுதான் உங்களுக்கு இடம் கிடைக்கும்.

நூற்கண்டு (பதில்):

கம்பித்தடம் சொன்னதை முதலில் முடித்துவிட்டு இதைப் படியுங்கள். நானும் ஆயத்த ஆடைக் கிடங்கில்தான் இருக்கிறேன்; விடுபடுவதற்குக் காரணம் பவர் குறைவு என்று நானும் நீண்ட நாள் நம்பியிருந்தேன். ஒருநாள் ஒரே ஒரு டேக்கை அட்டைத் துண்டில் ஒட்டி, மூங்கில் குச்சியின் நுனியில் கட்டி, வாசலின் நடுவில் மெல்ல நகர்த்திப் பார்த்தேன். ஓரிடத்தில் திரையில் எண் விடாமல் ஓடியது. ஒரு சாணுக்கும் குறைவாக நகர்த்தியதும் முழுவதுமாக நின்றுபோனது. இன்னும் சற்று நகர்த்தினால் மறுபடியும் ஓடியது. 866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். இரும்புத் தூணிலும் ஷட்டரிலும் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையோடு மோதும்போது பாதி அலைநீளத்துக்கு ஒருமுறை இப்படிக் குழிகள் விழுகின்றன. பவரை ஏற்றினால் திரும்பும் அலையும் சேர்ந்தே ஏறுவதால் குழிகள் இடம் மாறுவதில்லை. பெட்டி நகர்ந்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு டேக்கும் குழியை விட்டு வெளியே வந்துவிடும். எனவே டிராலி வாசலின் நடுவில் நிற்காமல், ஓடாமல், ஒரே சீராக நடக்கும் வேகத்தில் கடக்க வேண்டும் என்று தள்ளுபவரிடம் சொல்லுங்கள்.

பெட்டிக்குள்ளும் ஒருமுறை பாருங்கள். மடித்த டி-ஷர்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது விலைச்சீட்டுகள் எல்லாம் ஒரே மூலையில் ஒட்டி நின்றால், டேக்குகள் ஒன்றையொன்று அமுக்கிவிடும். பாதிப் பீஸ்களைத் தலைகீழாக வைத்து அடுக்கச் சொன்ன பிறகுதான் எங்கள் கணக்கு நேரானது.

சுவரோரப் பெட்டிகளுக்கு மூன்று வேலை. ஆன்டெனாக்களை உள்பக்கம் நோக்காமல் சற்றே லாரியை நோக்கித் திருப்புங்கள். டிராலி வரும்போது மட்டும் ரீடர் விழித்துக்கொள்ளும்படி வாசலில் ஒரு போட்டோ சென்சார் வைத்து ரீடரின் உள்ளீட்டு முனையில் இணையுங்கள். ரீடர் அமைப்பில் செஷன் (பதில் சொன்னதை டேக் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கும் என்பது) எஸ்0 என்று இருந்தால் எஸ்2வுக்கு மாற்றி, ஒரே இலக்கு (இன்னும் பதில் சொல்லாத டேக்குகளை மட்டும் கேட்பது) என்று வையுங்கள். அப்படி வைத்தால் ஒருமுறை பதில் சொன்ன டேக், அலை பட்டுக்கொண்டிருக்கும் வரை அமைதியாக இருந்து, குரல் எழும்பாத மற்ற டேக்குகளுக்கு வழிவிடும். ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: அலையை விட்டு விலகிய பிறகும் அந்த அமைதி 2 விநாடிக்கு மேல் நீடிக்கும், சில டேக்குகளில் இன்னும் நீளும். எனவே கடந்த பெட்டியை உடனே திருப்பிக் கொண்டுவந்து சோதித்தால் திரை வெறுமையாக இருக்கும். ரீடர் கெட்டுவிட்டது என்று எண்ணி விடாதீர்கள்.

நொய்யல் (மறுமொழி):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நாட்டு அமைப்பு அமெரிக்காவாகத்தான் இருந்தது. படித்ததும் எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது, உடனே மாற்றிவிட்டேன். ரீடரை வாசல் தூணுக்குக் கொண்டுபோய் 2 மீட்டர் கேபிளில் இணைத்து, பவரை 24 டி.பி.எம்.முக்கு இறக்கினேன். போட்டோ சென்சாரையும் வைத்துவிட்டேன். விலைச்சீட்டை மாற்றி அடுக்கிய பெட்டிகள் நாற்பதை அனுப்பிப் பார்த்ததில் முப்பத்தொன்பது முதல் முறையிலேயே 60 காட்டின. மீதிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளேயே 59 பீஸ்தான் இருந்தது.

ஒரு குறை மட்டும் நிற்கிறது. வாசல் ஷட்டரை இறக்கிய பிறகும் சுவரோரப் பெட்டிகள் சில பதிவாகின்றன.

கம்பித்தடம் (பதில்):

இறக்கிய ஷட்டர் ஒரு கண்ணாடி போல அலையை அப்படியே உள்ளே திருப்பி அனுப்புகிறது. ஆனால் டிராலி இல்லாதபோது ரீடர் பேசவே கூடாது. பேசுகிறது என்றால், சென்சார் தொடக்கத்துக்கு மட்டும் இணைக்கப்பட்டு, நிறுத்தத்துக்கு நேரம் எதுவும் கொடுக்கப்படாமல் இருக்கிறது. டிராலி சென்சாரை விட்டு விலகியதிலிருந்து 3 விநாடியில் நிற்கும்படி வைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், அந்த அடுக்குக்கும் வாசலுக்கும் நடுவே இரும்புத் தகடு அடித்த ஒரு தட்டியை நிறுத்துங்கள்.

நொய்யல் (மறுமொழி):

நிறுத்த நேரம் பூஜ்யம், அதாவது நிறுத்தமே இல்லை என்று இருந்தது. 3 விநாடி கொடுத்தேன். இன்று காலை இரண்டு லோடு ஏறின, சுவரோரத்திலிருந்து ஒரு டேக்கும் வரவில்லை. தட்டிக்கு வேலை இல்லை.