வாக்குத்தத்தமாக வந்த வசனம் நடக்கவில்லை. இனி ஆண்டவர் குரலை எப்படி நம்புவது?

பெரம்பூர் மகள்:

ஸ்தோத்திரம். எனக்கு 43 வயது. பெரம்பூரில் இருக்கிறேன், பாரிமுனையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். இதைச் சபையில் கேட்க வாய் வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

போன டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வழக்கம்போல, புது வருடத்துக்கென்று ஆளுக்கு ஒரு வேத வசனம் வருகிற வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். அப்போது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து 2 மாதம் ஆகியிருந்தது. வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் குழறியது. பக்கத்து வீட்டு அத்தையைத் துணைக்கு வைத்துவிட்டுத்தான் ஆராதனைக்குப் போனேன். என் கைக்கு வந்தது எரேமியா 30:17. "நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன்." அங்கேயே அழுதுவிட்டேன். அம்மாவுக்காக ஆண்டவர் என்னிடம் சொன்னது இது என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. வீட்டுக்கு வந்து இரவு 2 மணிக்கு அம்மாவை எழுப்பி வாசித்துக் காட்டினேன். இடது கையால் என் கன்னத்தைத் தடவினார்கள்.

பிப்ரவரியில் மறுபடியும் வந்தது. 19 நாள் ஆஸ்பத்திரி. மார்ச் முதல் வாரம் போய்விட்டார்கள்.

அம்மா ஏன் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. 78 வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் இருந்தது. என்னைத் தின்பது வேறு. அவ்வளவு நிச்சயமாகக் கேட்ட அந்தக் குரல் அவருடையது இல்லை என்றால், இருபது வருடமாக நான் கேட்டது யாருடைய குரல்? வேலை மாறியது, கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்தது, எல்லாம் அப்படி ஜெபித்துக் கேட்டுத்தான் செய்தேன்.

இப்போதும் காலை 4:30க்கு மொட்டை மாடிக்குப் போகிறேன். முதல் மின்சார ரயில் கேட்கிறது. எதிர் வீட்டு மோட்டார் கேட்கிறது. அவர் சத்தம் மட்டும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "வசனத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் உறுதியாக நின்றிருந்தால்..." என்று சொல்லிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியம் எட்டு மாதமாகக் காதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் யாராவது "ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று தொடங்கினால், எழுந்து வெளியே செருப்பு விடுகிற இடத்தில் போய் நிற்கிறேன்.

விசுவாசத்தை விடவில்லை. விட மனமும் இல்லை. இந்த வழியாக வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஆவடி சகோதரன்:

சகோதரி, சோர்ந்துபோக வேண்டாம். 3 நாள் உபவாசம் எடுத்துப் பாருங்கள். நான் வேலையில்லாமல் இருந்தபோது அப்படித்தான் மூன்றாம் நாள் மனதில் ஒரு சமாதானம் வந்தது. இன்று இரவு எங்கள் வீட்டு ஜெபத்தில் உங்களை நினைத்துக்கொள்கிறோம்.

அயனாவரம் தாத்தா:

மகளே, எனக்கு 74 வயது. 30 வருடம் ஞாயிறு பள்ளியில் வேதபாடம் எடுத்தவன். ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். எங்கள் சபையில் 12 வருடம் அந்த வாக்குத்தத்த அட்டைகளை நான்தான் வெட்டி, வசனம் எழுதி, தட்டில் அடுக்கினேன். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் உட்கார்ந்து நல்ல நல்ல வசனமாகப் பொறுக்குவோம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்கிற வசனமும் வேதத்தில்தான் இருக்கிறது. அதை ஒரு வருடம்கூட நாங்கள் அட்டையில் எழுதியதில்லை. இன்று எனக்கு அதில் வருத்தம் உண்டு.

உனக்கு வந்த வசனம் பொய் இல்லை. அது யாருக்குச் சொன்னது என்று அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பார். ஊர் இழந்து, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனத்துக்குச் சொன்னது. அதே வசனத்தின் மற்றப் பாதியில், உன்னைத் "தள்ளுண்டவள்" என்று பேரிட்டார்களே என்று ஆண்டவர் சொல்கிறார். அட்டையில் அந்தப் பாதிக்கு இடம் இருந்திருக்காது. நீ அதை அம்மாவின் படுக்கைக்கு எடுத்துக்கொண்டு போனது அன்பினால். அன்பினால் தவறாகப் படித்ததை ஆண்டவர் உன் கணக்கில் எழுதி வைப்பார் என்று நான் நம்பவில்லை.

இரண்டு அதிகாரம் முன்னால் போனால் அனனியா என்கிற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கர்த்தர் பெயரால் சொன்னான். எரேமியா என்ன செய்தான் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றான். அவனுக்கும் அந்த ஆசைதான். ஆனால் அனனியா சொன்னது நடக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில், சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் 70 வருடம் என்று இருந்தது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று இருந்தது. நம் வீட்டுக் காலண்டர்களில் தொங்குகிற "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்பது அந்தக் கடிதத்தில் வருவதுதான்.

அப்புறம் 42-ஆம் அதிகாரம். ஜனங்கள் வந்து, எங்களுக்காகக் கர்த்தரிடம் கேள் என்கிறார்கள். பத்து நாள் சென்ற பிறகுதான் வார்த்தை வந்தது என்று எழுதியிருக்கிறது. எரேமியாவுக்கே பத்து நாள். தன் மனதில் தோன்றியதை உடனே சொல்லி அவன் ஜனங்களை அனுப்பிவிடவில்லை. உன் இருபது வருடத்தையும் குப்பையில் போடாதே. எது அவர் குரல், எது நம் ஆசை என்று பிரித்துப் பார்க்கக் காலம் வேண்டும். எனக்கே இன்னும் சில விஷயங்களில் பிரிக்கத் தெரியவில்லை.

இரவு ஷிஃப்ட்:

அக்கா, நான் நர்ஸ், 15 வருடமாக வார்டில் இருக்கிறேன். ஆவடி அண்ணன் அன்பாகத்தான் சொன்னார், ஆனால் இப்போது உபவாசம் வேண்டாம். எட்டு மாதமாக 4:30க்கு எழுகிறீர்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்? சாப்பாடு இறங்குகிறதா? எடை குறைந்திருக்கிறதா?

1 இராஜாக்கள் 19-ஐ நாம் எப்போதும் "அமர்ந்த மெல்லிய சத்தம்" வருகிற இடத்திலிருந்துதான் தொடங்குகிறோம். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். தூங்கிவிடுகிறான். தூதன் தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறான். மறுபடியும் எழுப்பி, சாப்பிடு, உன் பிரயாணம் வெகுதூரம் என்கிறான். அதற்குப் பிறகு நாற்பது நாள் நடை. அதுவரை விசுவாசத்தைப் பற்றி அவனிடம் ஒரு கேள்வி கிடையாது, கண்டிப்பு கிடையாது. இரண்டு முறை சாப்பாடு, இரண்டு முறை தூக்கம், அவ்வளவுதான்.

என் அண்ணன் இறந்தபோது எனக்கு மூன்று வருடம் இப்படி இருந்தது. ஜெபிக்க உட்கார்ந்தால் வெறும் சுவர். கூட வேலை செய்யும் ஒரு அக்கா என்னைக் கையைப் பிடித்து மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார். மாத்திரை, பேச்சு, இரண்டும் ஒரு வருடம். அதை நான் விசுவாசக் குறைவு என்று ஒருநாளும் நினைக்கவில்லை, அந்த அக்காவைத்தான் எனக்கு வந்த தூதன் என்று நினைக்கிறேன். செத்துப்போனால் தேவலை என்று தோன்றினால் தயவுசெய்து அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

சாந்தோம் கடற்கரை:

சகோதரி, நான் கத்தோலிக்கன். நாங்கள் செபம் என்போம், நீங்கள் ஜெபம் என்பீர்கள், வேறு பெரிய வித்தியாசம் இதில் இல்லை. செருப்பு விடும் இடம் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் இயேசுவின் சீடர் தோமாதான் நினைவுக்கு வந்தார். பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம் என்று அவர் பெயரைச் சொல்லியே வளர்ந்த ஊர் நம்முடையது. ஆண்டவர் உயிர்த்தெழுந்த பிறகு மற்றச் சீடர்கள் எல்லாம் "ஆண்டவரைக் கண்டோம்" என்று சாட்சி சொன்னபோது, அவருக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. எட்டு நாள் கழித்து ஆண்டவர் வந்தபோது தோமாவும் அதே வீட்டில் அவர்களோடு இருந்தார் என்று யோவான் 20-இல் இருக்கிறது. நம்ப முடியாமல் இருந்தவரை மற்றவர்கள் வெளியே அனுப்பவில்லை. அவரும் போய்விடவில்லை.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது, ஏறக்குறைய ஐம்பது வருடம் அவர் உள்ளே இருட்டோடு இருந்தது தெரியவந்தது. சேரியில் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டிருந்த அதே வருடங்கள். எங்கள் வீட்டில் என் அம்மா அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. நீங்கள் வெளியே நிற்க வேண்டும் என்றால் நில்லுங்கள். ஆனால் சாட்சி முடிந்ததும் உள்ளே வந்துவிடுங்கள்.

பெரம்பூர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. தாத்தா, உங்கள் பதிலை மூன்று முறை வாசித்தேன். அட்டை எழுதிய கையிலிருந்தே அதைக் கேட்டது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

நேற்று இரவு, நீங்கள் சொன்ன "எதுவரைக்கும்" வசனத்தைத் தேடி அம்மாவின் பெரிய எழுத்து வேதாகமத்தை எடுத்தேன். மார்ச்சுக்குப் பிறகு நேற்றுதான் தொட்டேன். அம்மா சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் தேதி போடுவார்கள். 13-ஆம் சங்கீதத்தின் பக்கத்தில் நான்கு தேதிகள் இருந்தன. எல்லாம் 1996. அப்பா வேலை பார்த்த ஆலை மூடிய வருடம். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் முழுவதும் அம்மா எங்களுக்கு இரவு ஜெபம் நடத்தினார்கள், பாட்டும் பாடினார்கள். அவர்களுக்கும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியவே தெரியாது. கடைசித் தேதிக்குப் பக்கத்தில் பதில் வந்ததாக எதுவும் எழுதவில்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை.

தங்கச்சி, தூக்கம் நான்கு மணி நேரம்தான். எடை 6 கிலோ குறைந்திருக்கிறது. அத்தை கூட வருகிறேன் என்றார்கள், செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு போட்டு டாக்டரைப் பார்க்கிறேன். நாளைக் காலை அலாரத்தை 6 மணிக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.