கையில் ஆயுதத்தோடு நிற்கும் மனநோயாளியின் முன் காவலர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பாத்திரக் கடைக்காரர், வேலூர்

வணக்கம். வேலூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடை நடத்தி வருகிறேன். எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் திண்ணையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒருவர் தங்கியிருந்தார். பெயர் கேட்டால் நாளுக்கொரு பெயர் சொல்வார், தனக்குள் பேசிக்கொண்டிருப்பார், யாருக்கும் தொல்லை தந்ததில்லை. சென்ற ஆண்டு ஒரு மாலை அவர் இரும்புக் கம்பி ஒன்றைச் சுழற்றத் தொடங்கியதும் யாரோ காவல் துறையை அழைத்தார்கள். வந்த நால்வரும் அவரைச் சூழ்ந்து நின்று, கம்பியைக் கீழே போடும்படி ஒரே நேரத்தில் அதட்டினார்கள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு கம்பியை வீசினார். ஒரு காவலரின் தோளில் அடி விழுந்தது. அதற்குப் பின் விழுந்த லத்தியடியில் அவருடைய முன்கை முறிந்ததை நானே பார்த்தேன். வண்டியில் ஏற்றிச் சென்றார்கள்; அவர் திண்ணைக்குத் திரும்பவில்லை. நானும் தேடிப் போகவில்லை, அது இன்றுவரை உறுத்துகிறது.

அமெரிக்காவில் வசிக்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில் 2014 மார்ச் 16 அன்று நடந்ததை அவள் விவரித்தாள். ஜேம்ஸ் பாய்ட் என்ற 38 வயது வீடற்றவர், மனச்சிதைவு நோயாளி, மலையடிவாரத்தில் அனுமதியின்றித் தங்கியிருந்தார். மணிக்கணக்கில் நீடித்த பேச்சுக்குப் பின் அவர் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு புறப்பட முனைந்த வேளையில், காவலர்கள் பேரொலி எழுப்பும் குண்டை எறிந்து நாயையும் ஏவினார்கள். அவர் இரண்டு சிறு கத்திகளை எடுத்தார்; அவரைச் சுட்டார்கள்; மறுநாள் இறந்தார்.

எங்கள் தெருவில் அன்று லத்திக்குப் பதில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. இத்தகைய நேரத்தில் சுடுவதற்கு நம் சட்டம் இடம் தருகிறதா? வேறு வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வு பெற்ற காவல் உதவி ஆய்வாளர்

ஐயா, வடார்க்காடு மாவட்டம் பிரிக்கப்படாமல் இருந்த 1986ஆம் ஆண்டில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 2023இல் ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கத்தை மறைத்துப் பேச விரும்பவில்லை. நீங்கள் கண்டது தவறு. அதை வேறு எந்தப் பெயராலும் அழைக்க முடியாது.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பாலாற்றங்கரைத் தென்னந்தோப்பு ஒன்றில் கொடுவாளோடு ஒருவர் நிற்பதாகத் தகவல் வந்து, இரவு எட்டு மணிக்கு ஜீப்பில் போனோம். வடக்கிலிருந்து ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி, மொழி தெரியாமல் அலைபவர்களை அந்நாளில் அடிக்கடி பார்ப்போம், இவரும் அப்படிப்பட்டவரே. என்னைப் போன்ற இளையவர்கள் பின்பக்கமாகப் போய்ப் பிடித்துவிடலாம் என்று துடித்தோம். எங்களோடு வந்த ஏட்டையா முதலில் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைத் தோப்புக்கு வெளியே அனுப்பினார். அடுத்து ஜீப்பின் முன்விளக்கை அணைக்கச் சொன்னார். அந்த வெளிச்சம் முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்வரை அந்த மனிதர் வாளை ஓங்கியபடியே நின்றார். அணைந்த சற்று நேரத்தில் கை தாழ்ந்தது. ஏட்டையா தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒரு தென்னையை இடையில் வைத்துக்கொண்டு தொலைவில் தரையில் உட்கார்ந்தார். நள்ளிரவு தாண்டியும் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்த மனிதர் வாளைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கத்தி வைத்திருப்பவர் 21 அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார் என்று அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல் அதிகாரி டென்னிஸ் டியூலர் 1983இல் எழுதினார். காவலர் எச்சரிக்கையாக இருக்கச் சொன்ன கணக்கு அது. நாளடைவில் அதற்குள் வந்தவரைச் சுடலாம் என்ற விதியாகவே பலர் அதைப் படிக்கத் தொடங்கினார்கள். எனக்கு அந்தக் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது: 21 அடி போதாது என்றால் 40 அடி பின்னால் போக வேண்டும். தப்பியோட இடமில்லாத மனிதரை நெருங்குவதற்கு அவசரம் என்ன இருக்கிறது? அவர் வேறொருவரைத் தாக்கப் போகிறார் என்றால் நிலைமை வேறு. அப்போது தடுத்தே ஆக வேண்டும். ஆனால் நான் கண்ட பெரும்பாலான நிகழ்வுகளில், நாங்கள் நெருங்கிய பிறகுதான் தாக்குதல் தொடங்கியது.

மறுமொழி 2: வழக்கறிஞர், சத்துவாச்சாரி

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மனநலம் பாதிக்கப்பட்டவர் தாக்கினாலும் தற்காப்பு உரிமை உண்டு என்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 36ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த பிரிவே, தற்காப்புக்குத் தேவையானதை விட அதிகமான தீங்கு செய்யக் கூடாது என்று அதற்கு வரம்பு கட்டுகிறது. ஆகவே இத்தகைய நேரத்தில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் ஒழிய, சுடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இதைவிட முக்கியமானது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அதன் 100ஆம் பிரிவின்படி, தம்மைக் கவனித்துக்கொள்ள இயலாமல் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். எக்காரணத்தாலும் லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். சட்டம் பயன்படுத்தும் சொல் ‘பாதுகாப்பு’ என்பதே. கைது என்ற எண்ணத்தோடு போகும் காவலர் அங்கேயே சட்டத்தை விட்டு விலகிவிடுகிறார்.

ஆல்புகெர்க்கி வழக்கின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரு அதிகாரிகளின் வழக்கில் 2016இல் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, மறுவிசாரணையும் கைவிடப்பட்டது. குடும்பத்துக்கு நகர நிர்வாகம் 50 லட்சம் டாலர் இழப்பீடு தந்தது. சுட்ட அந்த நொடியை மட்டும் பார்த்து, அதற்கு முன் நடந்தவற்றைக் கணக்கில் எடுக்காத போக்கு அமெரிக்காவின் சில நீதிமன்றங்களில் இருந்தது. 2025 மே மாதம் பார்ன்ஸ் எதிர் ஃபீலிக்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக நிராகரித்தது.

மறுமொழி 3: மனநலச் செவிலியர்

பாகாயத்தில் மனநலப் பிரிவில் பயிற்சி பெற்றவள் நான். காதில் ஏற்கெனவே குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் நான்கு பேர் சேர்ந்து அதட்டினால், அது கட்டளையாகப் போய்ச் சேராது. இன்னும் நான்கு குரல்கள் கூடியதாகவே அவருக்குத் தோன்றும். பேசுபவர் ஒருவராக இருக்க வேண்டும். சொல்வது சிறிய வாக்கியமாக இருக்க வேண்டும். விடை வரக் காத்திருக்க வேண்டும். தெருவில் உறங்குபவருக்குக் கம்பியோ கத்தியோ இரவுக்கான துணை என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1988இல் தொடங்கிய காவலர் பயிற்சி 40 மணி நேரத்தில் இதையெல்லாம் கற்பிக்கிறது.

காவல் துறையை அழைப்பவர்களுக்கும் ஒரு சொல். 2018 மே மாதம் குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியால் போளூரை அடுத்த அத்திமூரில் ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டதை நம் பகுதியினர் மறந்திருக்க முடியாது; தவறான சொல் உயிரையே பறிக்கும். அவசர உதவி எண் 112க்கு அழைக்கும்போது ‘கொலைவெறியோடு நிற்கிறான்’ என்று சொல்லாதீர்கள். மனநலம் பாதிக்கப்பட்டவர் போலத் தெரிகிறது, கையில் இன்னது இருக்கிறது, அருகில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். வருகிறவர் எந்த மனநிலையோடு வண்டியிலிருந்து இறங்குகிறார் என்பதை அந்தச் சொற்கள் பெரிதும் தீர்மானிக்கின்றன.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அன்று கடைத்தெருவில் இருந்த நாங்கள் கூட்டமாக நின்று சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். வழக்கறிஞர் ஐயா சொன்னதை வைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதியிருக்கிறேன். அந்த நாளில் எங்கள் தெருவிலிருந்து பாதுகாப்பில் எடுக்கப்பட்டவர் எந்த மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், காணாமல் போனவர் என்ற முதல் தகவல் அறிக்கை பதியப்பட்டதா என்று இரண்டே கேள்விகள் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை நேரில் கொடுக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.