மறு: ‘புரொபைல்’ என்பதற்குச் சுயவிவரம் போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு பயனருக்கும் இருக்கும் ‘புரொபைல்’ என்பதற்குத் தமிழில் சுயவிவரம், பயனரகம், மனை, வளவு என்று நான்கு சொற்கள் இப்போது களத்தில் நிற்கின்றன. நான் வளவின் பக்கம். இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் சொல்லின் அழகையும் இலக்கணத்தையும் பார்த்துவிட்டார்கள். நான் பழுதிலிருந்து தொடங்குகிறேன். கலைச்சொல் தேறுமா தேறாதா என்பது பழுது பார்க்கும் மேசையில்தான் தெரியும்.

திருகோணமலைக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் மனுவும் காணிக் கடிதமும் தட்டச்சுச் செய்து கொடுக்கும் அக்கா ஒருவர் அண்மையில் கணினியோடு கடைக்கு வந்தார். விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்த நேரம் கரண்ட் போயிருக்கிறது. திரும்பப் போட்டால் திரையில் குப்பைத்தொட்டி ஐகனும் இன்னும் ஒன்றிரண்டும்தான். கோணேசர் கோயில் படம் போய் வெறும் நீலம். பென் டிரைவில் இருந்த பழைய மனுவைத் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலைகால் தெரியாத ஆங்கில எழுத்துகள். அந்த மனுவைத் தட்டிய பழைய பாமினித் தமிழ் எழுத்துருவும் காணாமல் போயிருந்தது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து எழுத்துருவை ஒரு பயனருக்கு மட்டும் என்று நிறுவ முடியும். அப்படி நிறுவினால் அது அவருடைய கோப்புறைக்குள்ளேயே தங்கிவிடும். புரொபைல் திறக்காவிட்டால் எழுத்துருவும் வராது. தனி எழுத்துரு இல்லாமலே தமிழ் தெரியும் யூனிகோடுக்கு மாறுங்கள் என்று எத்தனை தரம்தான் சொல்வது, அது வேறு கதை.

கடைப் பெடியன் நல்ல தமிழில் சொல்ல நினைத்து, “அக்கா, உங்கட சுயவிவரம் காணாமல் போயிட்டுது” என்றான். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. “தம்பி, என்ட அடையாள அட்டை நம்பரை ஆர் எடுத்தது?”

அவர் கேட்டதில் பிழையே இல்லை. சுயவிவரம் என்றால் ஒருவரைப் பற்றிய விவரம். பெயர், பிறந்த திகதி, விலாசம், படித்த பாடசாலை. முகநூலில் இருப்பது அதுதான், அங்கே அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது, யாரும் அதை அசைக்க வேண்டாம். விண்டோஸில் புரொபைல் என்பது உங்கள் உடைமைகள் இருக்கிற இடம். சி டிரைவில் ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் ஆளுக்கொரு கோப்புறை. டெஸ்க்டொப், ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள், உலாவியில் குறித்து வைத்த பக்கங்கள் எல்லாம் அதற்குள். ‘என்டியூசர்.டாட்’ என்று மறைத்து வைக்கப்பட்ட கோப்பு ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. பின்னணிப் படம், விசைப்பலகைத் தெரிவு போன்ற உங்கள் அமைப்புகளை விண்டோஸ் அதிலிருந்துதான் எடுக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒரே சொல்லோடு இழுபட வேண்டுமா?

வளவு என்றால் எங்கள் ஊரில் வேலிக்குள் இருப்பது எல்லாம்: வீடு, கிணறு, தென்னை, கொட்டில். “எங்கட வளவுக்க” என்று சொல்லாத பிள்ளை உப்புவெளியிலும் இல்லை, மூதூரிலும் இல்லை. ஒருவருக்கு உரியது, எல்லை உள்ளது, உள்ளே பல வகைப் பொருட்கள் கிடப்பது என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகின்றன.

கணக்கையும் இதையும் பிரித்துச் சொல்லவும் அது உதவுகிறது. கணக்கின் பெயரை மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. மைக்ரோசொஃப்ட் கணக்கால் கணினியைத் தொடக்கியவர்களுக்கு மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளே கோப்புறையின் பெயராக இருக்கும். தன் முழுப் பெயரைத் தேடிவிட்டு “ஒன்றுமே இல்லை” என்று வருகிறவர்கள் உண்டு. கணக்கு வேறு, வளவு வேறு என்றால் அங்கேயே விளங்கிவிடுகிறது.

இனி அக்காவின் பழுதை இந்தச் சொல்லை வைத்தே எழுதிப் பார்க்கிறேன். வளவு அழியவில்லை. விண்டோஸ் அதைத் திறக்க முடியாமல் நின்றிருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘புரொபைல்லிஸ்ட்’ என்று ஒரு பகுதி உண்டு, அதை வளவுப் பதிவேடு என்போம். வீட்டுப் பாவனைக் கணினியில் ஒவ்வொரு பயனருக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட அடையாள எண், அதற்குள் வளவு இருக்கும் பாதை. திறக்க முடியாத வளவின் பதிவுக்கு விண்டோஸ் ‘.பாக்’ என்று ஒரு வாலைச் சேர்த்துவிட்டு, ‘டெம்ப்’ என்ற புதுக் கோப்புறை ஒன்றைக் கொடுத்து ஆளை உள்ளே விடும். அக்காவின் கணினியில் ஒரே எண் இரண்டு பதிவுகளில் இருந்தது, ஒன்றுக்கு வால் இருந்தது, மற்றதற்கு இல்லை.

பழைய கோப்புறையை முதலில் வெளித்தட்டில் படியெடுத்தோம். ரெஜிஸ்ட்ரிக்கும் ஒரு காப்பு. பிறகு நிர்வாகி உரிமையுள்ள வேறொரு கணக்கில் நுழைந்து, வால் இல்லாத பதிவுக்கு வேறு பெயர் வைத்து ஒதுக்கி, மற்றதன் வாலை வெட்டி, அதற்குள் ‘ஸ்டேட்’, ‘ரெஃப்கவுண்ட்’ என்ற இரண்டு மதிப்புகளையும் 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தோம். வளவு திறந்தது. கோணேசரும் வந்தார், பாமினியும் வந்தது.

எடுத்தவுடன் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டியதில்லை. சில வேளை வைரஸ் தடுப்பு மென்பொருள் என்டியூசர்.டாட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஒன்றிரண்டு தரம் ரீஸ்டார்ட் செய்தாலே விட்டுவிடும். அந்தக் கோப்பே சிதைந்திருந்தால் புதுக் கணக்குத் திறந்து, என்டியூசர் என்று தொடங்கும் கோப்புகளை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் படியெடுப்பதுதான் வழி. பெரிய பதிப்பு மாற்றம் என்றால் பழைய பதிப்பின் கோப்புகள் இருக்கும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ கோப்புறையையும் பார்க்க வேண்டும். வழக்கமாக அது 10 நாளில் தானாக அழிக்கப்பட்டுவிடும், ஆகவே பிந்தக் கூடாது.

வளவுக்குள் இருந்தது அழிவதும் உண்டு. 2018 அக்டோபரில் 1809 பதிப்பு வெளியானபோது சிலருடைய கோப்புகள் உண்மையாகவே அழிந்தன. மைக்ரோசொஃப்ட் சில நாட்களிலேயே அதை நிறுத்தி, நவம்பரில் மறுபடி வெளியிட்டது. 2020 பெப்ரவரியில் வந்த கேபி 4532693 அப்டேட்டுக்குப் பிறகு முறையிட்டவர்களில் பலருக்குக் கோப்புகள் அப்படியே இருந்தன, கோப்புறையின் பெயர் மட்டும் வால் முளைத்து மாறியிருந்தது. இரண்டு செய்தியையும் “சுயவிவரம் போய்விட்டது” என்று எழுதினால் வாசிக்கிறவர் என்ன செய்வார்? “வளவு திறக்கவில்லை”, “வளவில் இருந்தது அழிந்துவிட்டது” என்று எழுதினால் அடுத்து என்ன செய்வது என்பது சொல்லிலேயே கிடக்கிறது.

சரி, மறுப்புகளுக்கு வருகிறேன்.

> சுயவிவரம் பல காலமாகப் புழங்குகிறது. இப்போது மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

சென்னை அண்ணாவின் கவலை நியாயமானது. ஆனால் இடமென்ற பொருளில் அது எங்கே புழங்குகிறது? அமைப்புத் திரைகளில் மட்டும்தான். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோரும் புரொபைல் என்றுதான் சொல்கிறோம். இதையே பிடித்துக்கொண்டு கிண்ணியா நண்பர் “அப்படியென்றால் புரொபைல் என்றே விட்டுவிடலாமே” என்கிறார். கடையில் விடலாம். பாடப்புத்தகத்திலும் உதவிப் பக்கத்திலும் விட்டால் முகநூல் புரொபைலும் இதுவும் மறுபடி ஒன்றாகிவிடும்.

> பயனரகம் அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் நூலகம், உணவகம், மருந்தகம் என்று -அகம் முடிகிற இன்றைய சொற்கள் பெரும்பாலும் பலர் வந்து போகிற இடங்கள். பயனரகம் என்று கேட்டவுடன் எனக்கு வாசலில் பலகை தொங்கும் கட்டடம்தான் தெரிகிறது. கடவுச்சொல் போட்டுப் பூட்டுகிற இடத்துக்கு அது ஒத்துவரவில்லை. மனையைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை, தமிழ்நாட்டு நண்பர்களே காணி விற்பனை விளம்பரம் போல இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

> வளவு ஈழத்துச் சொல். எங்களுக்கு விளங்காது.

செட்டிநாட்டு வீட்டில் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியை வளவு என்கிறார்கள். சேலம் பக்கம் வீடுகள் சேர்ந்திருக்கும் குடியிருப்புக்கும் அதே பெயர். பொருள் அங்கங்கே கொஞ்சம் விலகினாலும் குடியிருக்கும் இடம் என்பதை விட்டுப் போகவில்லை. இணையம் என்ற சொல்லும் வரும்போது எல்லோருக்கும் விளங்கிக்கொண்டு வரவில்லையே. ‘பயனர் வளவு’ என்று முன்னொட்டோடு எழுதினால் தடுமாற்றமும் குறையும்.

தற்காலிகப் புரொபைலுக்கு ‘இடைத்தங்கல்’ என்று ஒருவர் சொன்னார். பொருள் பொருத்தம் கச்சிதம். ஆளை உள்ளே விடுகிறது, ஆனால் வெளியேறும்போது அங்கே சேமித்த எல்லாம் போய்விடும். இருந்தாலும் இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லைக் கணினிக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 2006இல் போரால் மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் வருடக்கணக்காக இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வங்கியில் உட்கார்ந்து, “நீங்கள் இடைத்தங்கலில் இருக்கிறீர்கள்” என்று திரையில் வாசிக்க நான் காரணமாக இருக்க மாட்டேன். வேறு ஊர்க்காரர்களுக்கு இது மிகையாகத் தெரியலாம். பரவாயில்லை.

‘தற்காலிக வளவு’ யாருக்கும் விளங்கும், ஆனால் எச்சரிக்கை போதாது. தற்காலிகம்தானே, பிறகு கோப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று அங்கேயே ஆவணத்தைச் சேமிக்கிறார்கள். அக்காவும் இரண்டு மனுக்களைச் சேமித்திருந்தார், அவை போயே போய்விட்டன. ‘இரவல் வளவு’ என்றால் இது நம்முடையது இல்லை என்ற நினைப்பு கூடவே வரும். “நீங்கள் இரவல் வளவில் நுழைந்துள்ளீர்கள். இங்கே எதையும் சேமிக்க வேண்டாம்.” எனக்கு இந்த வாக்கியம் பிடித்திருக்கிறது.

புதுப் பயனருக்கு விண்டோஸ் படியெடுத்துக் கொடுக்கும் ‘டிஃபோல்ட்’ கோப்புறைக்கு மாதிரி வளவு, எல்லோருக்குமான ‘பப்ளிக்’ கோப்புறைக்குப் பொது வளவு. இவற்றில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

சிக்குவது ‘ரோமிங்’ புரொபைலில்தான். அலுவலகங்களில் அது சர்வரில் இருக்கும். எந்தக் கணினியில் நுழைந்தாலும் அங்கே இறங்கும், வெளியேறும்போது மாற்றங்களோடு திரும்பிப் போகும். வளவு நடக்காது. ‘உலவு வளவு’ நாக்கில் புரளவில்லை, ‘கூடவரும் வளவு’ பேய்க்கதைத் தலைப்பு மாதிரி இருக்கிறது. வலையமைப்பு நிர்வாகம் பார்க்கும் உறுப்பினர்கள் யாராவது, இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குத் தமிழில் எப்படி விளக்குகிறார்கள் என்று எழுதுங்கள். அது வரும்வரை அந்த ஒரு வரியை வெறுமையாக விட்டு மற்றச் சொற்களை வாக்கெடுப்புக்கு விடலாம்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து