மறுமொழி: மைக்ரோஆல்புமினுக்குத் தமிழ்ச்சொல் – 'நுண்' வேண்டாம்

ஐயா, வணக்கம்.

> 'நுண்வெண்புரதச் சிறுநீர்' என்று வைத்துக்கொள்ளலாமா?

ரிப்போர்ட்டில் 'மைக்ரோஆல்புமின்' என்று வருவதற்கு, அதாவது ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் சிறுநீரில் சிறிதளவு வெளியேறுவதற்கு, நீங்கள் கேட்ட இந்தச் சொல்லில் 'நுண்' என்ற அடைதான் எனக்கு உறுத்துகிறது. இங்கே ஆல்புமின் நுண்ணியது அல்ல, வெளியேறும் அளவுதான் குறைவு: சிறுநீரில் போகும் கிரியாட்டினின் என்ற கழிவு ஒரு கிராமுக்கு 30 முதல் 300 மில்லிகிராம். ஆய்வகங்கள் 'மைக்ரோ' என்று எழுதுவதை நிறுத்த வேண்டும் என்று கேடிகோ (KDIGO) என்ற பன்னாட்டுச் சிறுநீரக மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல் 2012-லேயே சொல்லிவிட்டது. அவர்கள் இறக்கி வைத்த சுமையை நாம் தூக்க வேண்டாம்.

காசிமேட்டில் ஒரு பிரஷர் முகாமில் சீட்டு எழுத உட்கார்ந்திருந்தேன். ஒரு அக்கா ரிப்போர்ட்டை நீட்டி, "மைக்ரோன்னா துளியூண்டுதானே தம்பி, அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. அந்தத் துளியூண்டுதான் முதல் எச்சரிக்கை. ரத்த அழுத்தம் ஏறஏற, சிறுநீரகத்தில் வடிகட்டும் நுண்குழாய்கள் பழுதாகி ஆல்புமினை வெளியே விடுகின்றன. பழுதான சிறுநீரகம் உப்பையும் நீரையும் உடம்பிலேயே தேக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனினையும் சுரக்கும். அழுத்தம் இன்னும் ஏறும். அதை எதிர்த்துத் தள்ளித்தள்ளி இதயத்தின் இடது சுவர் தடிக்கும். சிறுநீரகம் கெட்டவர்களில் பலர் டயாலிசிஸ் வரை போவதற்கு முன்பே இதய நோயில் போய்விடுகிறார்கள்.

அதனால் என் பரிந்துரை 'கசிவு'. கடற்காற்றில் எங்கள் பக்கத்து வீட்டுச் சுவர்களில் ஓதம் ஏறும். ஒரு சுவரில் கசிவு தெரிந்தால் அதை மட்டும் பூசிவிட்டுப் போக மாட்டோம். உள்ளே குழாய் எங்கெங்கே விட்டிருக்கிறது என்று தேடுவோம். இதுவும் அப்படித்தான். சிறுநீரில் ஆல்புமின் தெரிந்தால், இதயம் உட்பட மற்ற இடங்களிலும் ரத்தக்குழாய்களின் உட்சுவர் பழுதாகியிருக்கலாம் என்று பொருள். 'நுண்' சொல்லாததை இந்தச் சொல் சொல்கிறது.

நேற்று ஒருவர் 'ஒழுக்கு' என்றார். நல்ல சொல்தான். ஆனால் கூரை ஒழுகினால் பாத்திரம் வைக்கிற அளவுக்குச் சொட்டும். இது கண்ணுக்கே தெரியாது. நுரை தெரியும்போது பெரும்பாலும் அளவு கூடியிருக்கும்.

'வெண்புரதம்' என்றால் முகாமுக்கு வருகிறவர்கள் முட்டை வெள்ளையை நினைப்பார்கள். ரிப்போர்ட்டில் ஆல்புமின் என்றே இருப்பதால் அதை அப்படியே விடலாம்.

முதலில் 'புரதக்கசிவு' என்றே எழுதினேன். அப்புறம்தான் தோன்றியது, சிறுநீரில் போகும் எல்லாப் புரதத்தையும் சேர்த்துச் சொல்ல அந்தச் சொல் தேவைப்படும். ஆகவே இதற்கு 'ஆல்புமின் கசிவு'. 30 முதல் 300 வரை 'மிதக் கசிவு', அதற்கு மேல் 'கடுங்கசிவு'. 'மிதக் கசிவு' மறுபடியும் அலட்சியத்தைத் தருமோ என்ற கவலை மட்டும் இருக்கிறது. 'தொடக்கக் கசிவு' என்று மாற்றலாமா? மாத்திரையால் கசிவு குறையவும் செய்யும், டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளை அதற்காகவும் தருகிறார்கள். 'தொடக்கம்' என்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்றும் அந்த அக்காவுக்குப் புரியும்.

துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் உங்கள் கருத்தைச் சொல்லிவிடுங்கள் ஐயா.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து