கொங்கணாபுரம் சனிச்சந்தை, தாரமங்கலம் கோயில்: ஒரே நாளில் முடியுமா?

ஏற்காட்டுக்காரர்:
வர்ற சனிக்கிழமை வீட்டுக்கு வர்ற உறவுக்காரங்களை (பெரியவங்க ரெண்டு பேர், பத்து வயசுப் பையன் ஒருத்தன்) கொங்கணாபுரம் சந்தைக்குக் கூட்டிட்டுப் போகணும். அப்படியே தாரமங்கலம் கோயிலும் சங்ககிரி கோட்டையும். கார் இருக்கு. எந்த வரிசையில போறது? சந்தையில வளர்ப்புக்கு ரெண்டு மேச்சேரி இனச் செம்மறி ஆடும் வாங்கலாம்னு இருக்கேன், என்ன பார்த்து வாங்கணும்?

தாரமங்கலத்தான்:
சந்தைதான் முதல்ல. விடியறதுக்கு முன்னாடியே ஆடு இறங்கிடும். நல்ல உருப்படியெல்லாம் ஏழு மணிக்குள்ள கைமாறிடும். பத்து மணிக்குப் போனா காய்கறிக்கடையும் வெத்து மைதானமும்தான் பார்ப்பீங்க. ஏற்காடு மலையில இருந்து கிளம்பினா இருட்டுல, பனிமூட்டத்துல இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கணும். பெரியவங்களோட அது வேணாம். வெள்ளிக்கிழமை ராத்திரி சேலத்துல தங்கிடுங்க.

காலையில அஞ்சேகாலுக்குக் கிளம்பி தாரமங்கலம், சின்னப்பம்பட்டி வழியா கொங்கணாபுரம். சந்தையை முடிச்சுட்டு ஒன்பது மணிக்கு அதே ரோட்டுல திரும்பி கோயிலுக்கு வாங்க. பதினொன்னரைக்குள்ள பார்த்து முடிச்சிடணும், மதியம் நடை சாத்திட்டா சாயங்காலம்தான் திறப்பாங்க.

இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டின கைலாசநாதர் கோயில், மேற்கு பார்த்த சன்னதி. அவசரமா சுத்தி வந்தா ஒண்ணுமே கண்ணுல படாது. ராமர் தூணுக்குப் பக்கத்துல நின்னு பாருங்க, வாலி தெரிவார். வாலி தூணுகிட்ட போய்த் திரும்பிப் பாருங்க, ராமர் தெரியமாட்டார். மறைஞ்சு நின்னு அம்பு விட்டதைத் தூணோட இடைவெளியிலயே சிற்பி காட்டியிருக்கார். பையனை முதல்ல வாலிகிட்ட நிறுத்தி ராமரைத் தேடச் சொல்லுங்க. யாளி வாயில உருளுற கல் உருண்டை தனியா செதுக்கி உள்ள வச்சதில்ல, அதே கல்லை வாய்க்குள்ளயே குடைஞ்சு எடுத்தது. அதான் உருளும், வெளிய வராது. விதானத்தையும் விட்டுடாதீங்க, கழுத்து வலிச்சாலும் அண்ணாந்து பாருங்க.

ஆட்டுப்பட்டி:
ஆடு விஷயம் நான் சொல்றேன். மேச்சேரிக்கு வெளிர் பழுப்பு நிறம், ஒட்டின குட்டை முடி, கிடாவுக்கும் கொம்பு இருக்காது. கொம்பு முளைச்சிருந்தா கலப்புன்னு வச்சுக்கோங்க. வயசுக்குக் கீழ்த்தாடைப் பல்லைப் பாருங்க. பால் பல்லு விழுந்து ரெண்டு பெரிய பல்லு வந்திருந்தா வயசு ஒண்ணேகால் ஒட்டி, நாலுன்னா ரெண்டு ஒட்டி. எட்டுப் பல்லும் முளைச்சிட்டா மூணரைக்கு மேல, வளர்ப்புக்கு வேணாம்.

கீழ் இமையை விரலால இழுத்துப் பாருங்க. உள்பக்கம் சிவப்பா இருக்கணும். வெளிறிப் போயிருந்தா குடற்புழு. வாலடியில கறை இருந்தா கழிச்சல், அதை விட்டுடுங்க. எடை காட்டறதுக்காக வயிறு முட்டத் தண்ணி காட்டிக் கொண்டு வர்றதும் உண்டு. அதனால வயித்தைப் பார்த்து மதிக்காதீங்க. முதுகெலும்பு மேல கையை வச்சு அழுத்தினா சதை இருக்கா எலும்பு குத்துதான்னு தெரிஞ்சிடும். தரகர் துண்டுக்குள்ள விரல் பிடிச்சு விலை பேசுவார், புரியலைன்னா வாய்விட்டு விலையைக் கேளுங்க, தப்பே இல்ல. சந்தைக் கட்டணம் கட்டின சுங்கச் சீட்டை வாங்கி வச்சுக்கோங்க.

ஆனா ஒண்ணு. மேச்சேரி வறண்ட சமவெளி ஆடு. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், ஈரமும் குளிரும் அதிகம். தரை காயாத பட்டியில நின்னா குளம்பு அழுகும், மழையில சளி பிடிச்சு இருமும். தரையில இருந்து மூணடி உயரத்துல பலகைப் பரண் போட்டு, காத்து அடிக்கிற பக்கம் மறைச்சாதான் தாங்கும். பரண் தயாராகாம இந்தச் சனிக்கிழமையே வாங்காதீங்க. வாங்கினா மூணு வாரம் தனியா கட்டி வச்சு, ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியைக் கால்நடை மருத்துவர்கிட்ட கேட்டுப் போட்டுடுங்க.

சங்ககிரி மலையடி:
கோட்டையை அதே நாள்ல சேர்க்காதீங்க. கோயில் முடிச்சு வரவே உச்சி வெயில் ஆயிடும். ஒவ்வொரு வாசலா தாண்டி மேல ஏற ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, நிழலும் கம்மி. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி கீழ இருந்தே தூக்கிட்டுப் போகணும். பெரியவங்களுக்குப் படி ஏற்றம் கஷ்டம். 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம் இது, அரக்கப்பரக்க ஓடிப் பார்க்கிற இடமில்ல. தனியா ஒரு நாள், காலை ஆறரைக்கு ஏற ஆரம்பிங்க. கையில தின்பண்டப் பை தெரிஞ்சா குரங்கு பிடுங்கும், முதுகுப் பைக்குள்ள வச்சிடுங்க.

தாரமங்கலத்தான்:
மேல சொன்னது சரி. விட்டுப்போனது ஒண்ணு: சனிக்கிழமை கொங்கணாபுரத்துல கூட்டுறவு சங்கத்துப் பருத்தி ஏலமும் உண்டு. சீசன்ல போனா மூட்டைங்க வரிசையா அடுக்கியிருக்கும். வியாபாரிங்க மூட்டை வாயைப் பிரிச்சுக் கையை உள்ள விட்டு ஒரு பிடி எடுத்து, இழையை இழுத்துப் பார்ப்பாங்க. தரம் குறைஞ்ச கொட்டுப் பருத்தி தனியா, விலையும் கம்மி. ஓரமா நின்னு பாருங்க, மூட்டை மேல உட்காராதீங்க.

ஏற்காட்டுக்காரர்:
ரொம்ப நன்றிங்க. வெள்ளி ராத்திரி சேலம், சனி காலை சந்தை, அப்புறம் கோயில். ஆடு பரண் அடிச்ச பிறகு.